‘சாதாரண இனம்’ என்னும் சாக்கு

எண்ணூர்ப் பக்கம் ஒரு சாம்பல் குட்டையோ, சரக்குக் கிடங்கோ, துறைமுகத்துக்கு இன்னொரு தளமோ வரப்போகிறதென்றால், அதற்கு முன்னால் தடித்த அறிக்கை ஒன்று வந்து விழும். அதில் எங்கோ ஓரத்தில் உயிரினங்களின் அட்டவணை இருக்கும். பட்டாம்பூச்சிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தாலே பெரிய விஷயம். வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று சில பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பொதுவாகக் காணப்படுவது’. அடியில் ஒற்றை வரித் தீர்ப்பு: இப்பகுதியில் அரிய இனமோ அழியும் நிலையிலுள்ள இனமோ இல்லை. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

இதை எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வால்பாறைக்கும் ஆனைகட்டிக்கும் வண்டி பிடிக்கிற இயற்கை ஆர்வலர்களும் இதையேதான் சொல்கிறார்கள். “எண்ணூர்ல என்னங்க இருக்கு? எல்லாம் காமன்தான்.” நிறுவனம் சொன்னால் எதிர்த்துக் கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. ஆர்வலர் சொன்னால் அதுவே அறிவாகிவிடுகிறது.

இந்தக் கருத்து அறத்தின்படி சரியா என்பதை வேறு யாராவது பேசட்டும். அது உயிரியலின்படியே தவறு என்பதுதான் என் வழக்கு. பரவலாக வாழும் ஓர் இனத்தின் பெயரைப் பட்டியலில் எழுதி எதிரே ‘உண்டு’ என்று குறிப்பது, குடும்ப அட்டையில் தலைவர் பெயரை மட்டும் படித்துவிட்டு வீட்டில் ஒரே ஆள்தான் என்று எழுதுவதற்குச் சமம். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யார் போய்விட்டார்கள் என்பது அந்த வரியில் வராது.

கறிவேப்பிலை அழகியையே எடுத்துக்கொள்வோம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மொட்டை மாடித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்கள் இதன் புழுவைப் பார்த்திருப்பார்கள். சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும். கடைசித் தோல் உரித்ததும் பச்சை நிறத்துக்கு மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டி, புளிப்பேறிய வாடையைக் கிளப்பும். அதிலிருந்து வரும் ஆண் எங்கும் ஒரே மாதிரிதான்: கறுப்புச் சிறகு, பின்சிறகின் குறுக்கே ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை. பெண் அப்படி இல்லை. இந்தியாவில் இதன் பெண்ணுக்கு மூன்று வடிவங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போலிருக்கும். மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல, முன்சிறகில் வெள்ளைப் பட்டையும் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகளுமாக இருக்கும். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் நஞ்சுள்ளவை. ஒரு தடவை தின்று பட்ட பறவை மறுபடி தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. வேடம் மட்டும்தான்.

வேடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அது உட்காரும் வரை காத்திருந்து உடம்பைப் பாருங்கள். நஞ்சுள்ளதற்கு உடம்பே சிவந்திருக்கும். வேடக்காரிக்குச் சிவப்பு சிறகோடு நின்றுவிடும், உடம்பு கறுப்புதான். கொஞ்சம் பழகிவிட்டால் பறக்கும்போதே தெரியும்: அசல் அலட்டிக்கொள்ளாமல் மெதுவாக மிதந்து போகும், வேடக்காரியோ விரட்டினால் தன் குலத்துக்குரிய அவசரத்தைக் காட்டிவிடுவாள்.

1758இல் லின்னேயஸ் இவற்றுக்குப் பெயர் வைத்தபோது ஆணுக்கு ஒரு பெயர், வேடம் போட்ட பெண்ணுக்கு வேறொரு பெயர் என்று இரண்டு இனங்களாக்கிவிட்டார். மலாய்த் தீவுகளில் வருடக்கணக்கில் பூச்சி பிடித்த வாலஸ், 1865இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இனத்துக்குள் பல பெண் வடிவங்கள் இருக்கும் என்பதை எடுத்துக்காட்டினார். பிறகு ஃபிரையர் என்பவர் இலங்கையில் இதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த வடிவப் பெண்கள் பிறக்கிறார்கள் என்று பார்த்து, 1913 வாக்கில் வெளியிட்டார். 1972இல் கிளார்க்கும் ஷெப்பர்டும் அதை விரித்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் பல மரபணுக்களின் கூட்டு வேலை இது என்பதுதான் அன்றைய எண்ணம். 2014இல் கிருஷ்ணமேக் குண்டேயும் கூட்டாளிகளும் அதைத் திருத்தினார்கள்: எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு. பூச்சி ஆணாவதா பெண்ணாவதா என்பதில் பங்குள்ள அதே மரபணுதான். வேடத்துக்கான வடிவத்தில் அந்த மரபணு இருக்கும் துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது என்பதை அடுத்த ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்களும் காட்டினார்கள். குண்டே வேலை பார்ப்பது பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில். உலகின் பெரிய இதழ்களில் இடம்பிடித்த இந்தப் பூச்சி நம் தொட்டிச்செடியில் முட்டை வைப்பதுதான்.

இதில் நம் வழக்குக்குத் தேவையான இடம் ஒன்று உண்டு. வேடத்துக்கான மரபணு ஆணிடமும் இருக்கும். ஆனால் ஆணின் சிறகில் அது ஒருபோதும் தெரியாது. அதாவது கள ஆய்வாளர் எண்ணூரில் கறுப்பு ஆண் ஒன்றைப் பார்த்து ‘உண்டு’ என்று குறிக்கிறாரே, அந்த ஆண் எதைச் சுமந்து திரிகிறது என்பது அவருக்குத் தெரியாது. சிறகைப் பார்த்து எழுதிய அட்டவணை, சிறகில் எழுதாததைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது. சொல்கிறது.

சரி, வேடத்தால் என்ன லாபம்? அசல் அக்கம்பக்கத்தில் இருக்கும் வரைதான் லாபம். சிவப்புடல் அழகியைத் தின்று வாய் கசந்த பறவை அந்த வட்டாரத்தில் இருந்தால்தான் அதைப் போன்ற வேடம் பலிக்கும். சிவப்புடல் அழகி முட்டையிடுவது ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைக் கொடிகளில். ஆடுதீண்டாப்பாளை தரிசிலும் பாதையோரத்திலும் தரையோடு படர்ந்து கிடக்கும். யாரும் நட மாட்டார்கள், தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஆடுகூட வாய் வைக்காது என்பது பெயரிலேயே இருக்கிறது. அறிக்கையில் அதற்குக் ‘களை’ என்று பெயர். மனையைச் சமன்படுத்த ஜேசிபி வந்தால் முதலில் போவது அதுதான். கறிவேப்பிலைக்கு அந்தக் கவலை இல்லை. அது வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். தரிசு போகிறது, கொடி போகிறது, சிவப்புடல் அழகி குறைகிறது. கறிவேப்பிலை அழகி இருக்கிறது. பத்து வருடம் கழித்து இன்னொரு ஆய்வாளர் வருகிறார், ‘உண்டு’ என்று குறிக்கிறார். பட்டியலில் மாற்றமே இல்லை. ஆனால் வேடமிட்ட பெண்களுக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. பத்தில் எத்தனை பேர் வேடக்காரிகள் என்ற விகிதம் மாறத் தொடங்கியிருக்கலாம். பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே போகிறது.

இது வெறும் கற்பனை என்று சொல்கிறவர்களுக்காக ஜப்பானின் ரியூக்யூ தீவுகளைச் சொல்ல வேண்டும். அங்கே மியாகோ தீவில் ரோஜா அழகி முன்பு குடியிருக்கவில்லை. தெற்கேயிருந்து பரவி வந்து நிலைகொண்டது. கறிவேப்பிலை அழகி அங்கே ஏற்கெனவே இருந்தது. நஞ்சுள்ளது வந்து சேர்ந்த பிறகு, அதைப் போல வேடமிட்ட பெண்களின் பங்கு கூடியது. 1991இல் வெளியான உவேசுகியின் ஆய்வு அதைக் காலவாரியாகக் காட்டியது. ‘கூடியது’ என்று அவரால் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், அங்கே பூச்சி சேகரித்தவர்கள் பெயரோடு வடிவத்தையும் பதிவு செய்திருந்ததுதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் இப்படிக் கேட்பார்கள்: “பட்டாம்பூச்சிக்குச் சிறகு இருக்கிறது. எண்ணூரில் குறைந்தால் பழவேற்காட்டிலிருந்து வரும், செங்குன்றத்திலிருந்து வரும். மரபணு எங்கும் கலந்தபடி இருக்கிறது. எண்ணூருக்கென்று தனிச்சொத்து எதுவும் இல்லை.” இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை ஒளிக்காமல் ஒத்துக்கொள்வதே நல்லது. ஏனென்றால் நம் பக்கத்திலும் சிலர், நிறம் கொஞ்சம் மங்கின பூச்சி ஒன்றைப் படம் எடுத்துவிட்டு, “இது எண்ணூருக்கே உரிய வகை, தனித் துணையினமாக அறிவிக்க வேண்டும்” என்று கிளம்பிவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. மணலி சுத்திகரிப்பு ஆலை மதிலோரத்து எருக்கஞ்செடியில் மேயும் வெந்தய வரியன் தனி வகை இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா முழுக்கப் பறக்கும் இனம் அது.

ஆனால் அந்த வெந்தய வரியனே எதிர்த்தரப்பின் மீதிப் பாதியைக் கவிழ்த்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் அதற்குப் பல நிற வகைகள் உண்டு. முன்சிறகு நுனியில் கறுப்பு உள்ளது, இல்லாதது, பின்சிறகு வெளுத்தது என்று. அவற்றில் அல்சிப்பஸ், டொரிப்பஸ் இரண்டுக்கும் முதலில் தனி இனப் பெயரே கொடுத்தார்கள், பிறகு துணையினம் என்று இறக்கினார்கள். சைமன் மார்ட்டினும் குழுவினரும் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2020இல் வெளியிட்டபோது தெரிந்தது: இந்தத் துணையினங்களுக்கிடையே தொகுதியின் பெரும்பகுதியில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடே இல்லை. வேறுபாடு நிறத்தை ஆளும் சில துண்டுகளைச் சுற்றித்தான் குவிந்திருக்கிறது. மற்றதெல்லாம் கண்டம் முழுக்கக் கலந்து ஓடும்போதும், அந்தச் சில துண்டுகளை அந்தந்த இடத்தின் தேர்வு பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. ஆக, ‘எல்லாம் கலந்துவிடும்’ என்பது மரபணுத் தொகுதியின் சராசரிக்குப் பொருந்தும். உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கும் துண்டுக்குப் பொருந்தாது.

அந்த ஆய்வில் இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியின் சில பெண்களுக்குள் ஸ்பைரோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. அது ஆண் குஞ்சுகளை முட்டைப் பருவத்திலேயே கொன்றுவிடும். அந்தப் பெண்களின் பால் குரோமோசோமோடு நிறத்தை ஆளும் குரோமோசோமும் ஒட்டிக்கொண்டு, தாயிடமிருந்து மகளுக்கு நுண்ணுயிரோடு சேர்ந்தே போகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் தாய்வழிதான். ‘பார்கோடு’ என்று பெயர்வாங்கிய, சுமார் 650 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டு இருப்பது அதில்தான். சிறகை நம்பாதே, பார்கோடு எடு என்று சொல்லும் நண்பர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நுண்ணுயிர் இழுத்த இழுப்புக்கு ஓடிய பார்கோடு, பூச்சியின் வரலாற்றைச் சொல்லாது. நுண்ணுயிரின் வரலாற்றைச் சொல்லும். மறுபக்கம், கோஸ்டாரிகாவில் ஒரே பரவலான இனம் என்று நம்பியிருந்த ஒரு துள்ளிப் பட்டாம்பூச்சியை, புழுவின் நிறம், தின்னும் செடி, பார்கோடு மூன்றையும் சேர்த்துப் பார்த்து, பத்து இனங்கள் என்று 2004இல் அறிவித்தார்கள். பத்தா, அதைவிடக் குறைவா என்று பிறகு சண்டை நடந்தது. ஒன்றுக்கு மேல் என்பதில் சண்டை இல்லை.

எல்லா வேறுபாடும் மரபணு என்றும் நினைத்துவிடக் கூடாது. குளக்கரைப் புல்லில் திரியும் மயில் வசீகரனுக்கு மழைக்காலத்தில் ஒரு சிறகு, வறண்ட காலத்தில் இன்னொரு சிறகு. லின்னேயஸ் அதற்கும் இரண்டு பெயர் வைத்துவிட்டார், அதே 1758இல். அங்கே மாறுவது பருவம். நம் அறிக்கைகளுக்கான தரவு பெரும்பாலும் மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்தில் எடுப்பது. சென்னையில் பட்டாம்பூச்சி பெருகுவதே வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். மழையைத் தவிர்த்துவிட்டுப் பூச்சி எண்ணப் போனால் என்ன கிடைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொழிற்பேட்டையில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் மான்செஸ்டரை மறந்துவிட்டார்கள். 1848இல் அந்தப் புகைபிடித்த ஊரில் பெப்பர்டு மாத் என்ற மிகச் சாதாரண அந்துப்பூச்சியின் கறுப்பு வடிவம் ஒன்று பிடிபட்டது. 1895 வாக்கில் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. 1956இல் இங்கிலாந்து தூயகாற்றுச் சட்டம் கொண்டுவந்து புகை குறையக் குறைய, கறுப்பும் குறைந்து பழைய வெளிர் வடிவம் திரும்பியது. கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2016இல் கண்டுபிடித்தார்கள். இயற்கைத் தேர்வுக்கு உலகம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சான்று இது. கிடைத்த இடம் காடில்லை, கரி படிந்த ஆலை நகரம். பூச்சியும் அரியதில்லை. அன்றைய மான்செஸ்டர்க்காரர்கள் ‘பெப்பர்டு மாத்: உண்டு, பொதுவாகக் காணப்படுவது’ என்று எழுதி முடித்திருந்தால் இந்த வரலாறே இருந்திருக்காது. எத்தனை கறுப்பு, எத்தனை வெளுப்பு என்று அவர்கள் எண்ணினார்கள்.

நம் பக்கம் எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017 வரை கரி எரித்தது. சுமார் நாற்பத்தேழு ஆண்டுகள். அந்தப் புகைக்குக் கீழே வாழ்ந்த பூச்சிகள் கறுத்தன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆதாரம் திரட்ட அந்த நாற்பத்தேழு ஆண்டுகளும் கையில் இருந்தன என்பதைத்தான் சொல்கிறேன்.

“மனுஷனுக்கே மூச்சு விட வழியில்லை, பூச்சிக்கு என்ன வடிவக் கணக்கு?” இது எங்கள் பகுதியில் கேட்கிற கேள்வி. 2023 டிசம்பரில் ஒரே மாதத்துக்குள் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் வீட்டுக்குள் வந்து, பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியாவும் கசிந்ததைப் பார்த்தவர்களிடம் இந்தக் கேள்விக்காகக் கோபப்பட முடியாது. ஆனால் அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பூச்சியை ‘சாதாரணம்’ என்று ஒரு வரியில் அடைக்கும் அதே பேனாதான், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்து மீனையும் இறாலையும் நண்டையும் ஒரு வரியில் அடைக்கிறது. அரிய இனம் இல்லை, ஆகவே இழப்பு இல்லை. கழிமுகத்தில் வலை போடுகிறவர் நம்பியிருப்பது அரிய இனத்தையா?

சட்டம் சாதாரண இனத்தைக் கண்டுகொள்வதில்லை என்பதும் முழு உண்மையில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணை ஒன்றில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணையில், சிவப்புடல் அழகி இருந்தது. சென்னையில் யாரும் பார்க்கக்கூடிய பூச்சி. வெந்தய வரியனைப் போல வேடமிடும் பெண்ணைக் கொண்ட, பருப்புக்கீரையில் முட்டையிடும் ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸும் அதில் இருந்தது. இன்னொரு வேடப்பூச்சியான பப்பிலியோ கிளிஷியாவின் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பட்டியலை யார், எதை வைத்துத் தயாரித்தார்கள் என்பது வேறு விவாதம்; அதில் குளறுபடிகளும் இருந்தன. ஆனால் இனத்துக்குள் இருக்கும் வடிவத்தைச் சட்டத்தில் எழுதலாம் என்பது அந்தப் பழைய அட்டவணைக் காலத்திலேயே இந்த நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

2019இல் தமிழ்நாடு தன் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது. மலைக்காட்டுப் பூச்சி. அழகானதுதான், தேர்வில் குறையில்லை. மலைக்குப் போனால்தான் இயற்கை என்கிற பழக்கம் அதனால் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது என்பதுதான் என் குறை. ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடுகிறார்கள். அப்போதாவது தண்டையார்பேட்டைத் தொட்டிச்செடிக்கும் திருவொற்றியூர் ரயில் பாதையோரத்து எருக்குக்கும் ஆள் வரட்டும். வருகிறவர்கள் இனப்பெயரோடு நிறுத்தாமல் ஆணா பெண்ணா, பெண் என்றால் எந்த வடிவம், எந்தத் தேதி என்று மூன்று பத்தி கூடுதலாக எழுதட்டும். உடம்பு சிவப்பா கறுப்பா என்று பார்க்கப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்து உங்கள் பகுதியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, மேடையில் இருப்பவர் “அரிய இனம் எதுவும் இல்லை” என்று வாசித்தால், எழுந்து கேளுங்கள்: கறிவேப்பிலை அழகியில் எத்தனை பெண்களைப் பார்த்தீர்கள், அதில் வேடக்காரிகள் எத்தனை, எந்த மாதத்தில் எண்ணினீர்கள், ஆடுதீண்டாப்பாளை எத்தனை இடத்தில் இருந்தது? பதில் இல்லையென்றால், அந்த வாக்கியத்தை அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.